சுழலாடியின் கோணமும் கரையின் உயரமும்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கரையோரப் பாதை நிலாவெளியைக் கடந்ததும் இறக்கக்கண்டியை அடைகின்றது. கிழக்கே வங்கக்கடல், மேற்கே களப்பு, இரண்டிற்கும் இடையே தாழ்ந்து கிடக்கும் மணற்றரை. கடற்றொழிலை வாழ்வாகக் கொண்ட தமிழ் பேசும் மக்களின் குடியிருப்பு அது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த கடற்கோள் இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தபோது, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி ஆகிய இக்கரையோர ஊர்களும் அதன் கொடுமைக்கு உள்ளாயின.

அழிவின் பின்னர், கரையோரத்தில் எவ்விடத்தில் மீண்டும் வீடமைக்கலாம் என்னும் வினா எழுந்தது. தென், மேற்குக் கரைகளில் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வட, கிழக்குக் கரைகளில் 200 மீற்றருக்குள்ளும் வீடுகள் எழுப்பலாகாது என அரசு விதித்தது. மக்களின் எதிர்ப்பாலும் நடைமுறை இடர்களாலும் அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. எனினும் அதனுள் அடங்கியிருந்த ஒரு குறைபாடு சிந்தனைக்குரியது. விதி அளந்தது நீளத்தை. கடலோ நிலத்தின் உயரத்தைப் பார்த்தே உட்புகுகின்றது. மணல்மேட்டின் மீது நிற்கும் வீடும், அம்மேட்டின் பின்னேயுள்ள பள்ளத்தில் நிற்கும் வீடும் கடலிலிருந்து ஒரே தொலைவில் இருக்கலாம். நீட்டிய நாடாவுக்கு அவ்விரண்டும் ஒன்றே. வெள்ளத்துக்கு அவை ஒன்றல்ல. கடலைவிட்டுப் பிரிந்தால் தொழிலையே இழக்கும் மீனவனுக்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடும் ஒன்றன்று.

அவ்வாறாயின் உயரத்தை அளந்து விதி செய்தல் கூடாதா? கூடும், ஆனால் அது எளிதன்று. மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் காட்டுதற்கு வகுக்கப்பட்ட தேசப்படங்களின் சமவுயரக் கோடுகள், கரையோர மணற்றரையின் ஒரு முழ, இரு முழ வேறுபாடுகளைக் காட்டமாட்டா. மட்டமானியும் அளவுக்கோலும் கொண்டு கரை நெடுகிலும் அடிக்கு அடி அளப்பதாயின் ஆண்டுகள் பல செல்லும். இவ்விடரைத் தீர்க்க இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய முறையே, பறக்கும் விமானத்திலிருந்து லேசர் ஒளியைச் செலுத்தி நிலத்தின் உயரத்தைக் கணிக்கும் முறையாகும். அம்முறையின் நடுவே இருப்பது ஒரு சிறிய ஆடி. அது இடையறாது சுழல்கின்றது, அல்லது ஊசலாடுகின்றது. ஒவ்வொரு கணத்திலும் அவ்வாடி எக்கோணத்தில் நின்றது என்பதை அறிந்தாலன்றி நிலத்தின் உயரத்தை அறிதல் இயலாது. ஆடியின் கோணத்தை அளக்கும் கலை எங்ஙனம் வளர்ந்தது என்பதையும், கரையோர மக்களின் வாழ்வோடு அதற்குள்ள தொடர்பையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரட்டிக்கும் கோணம்

இவ்வரலாறு முழுவதையும் ஆளும் விதி ஒன்று உண்டு. தளவாடியொன்றில் படும் ஒளிக்கதிரின் படுகோணமும் தெறிகோணமும் சமமானவை என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படும். வரும் கதிர் அசையாதிருக்க, அதற்குக் குறுக்கான அச்சொன்றைப் பற்றி ஆடி மட்டும் 1 பாகை திரும்பினால், தெறித்துச் செல்லும் கதிர் 2 பாகை திரும்பும். படுகோணம் 1 பாகையால் கூடத் தெறிகோணமும் 1 பாகையால் கூடுவதே இதற்குக் காரணம்.

இவ்விரட்டிப்பு ஒரு வரமும் ஆகும்; ஒரு சாபமும் ஆகும். ஆடியின் சிறு அசைவைப் பெரிதாக்கிக் காட்டுவதால் அது வரம். ஆடியின் கோணத்தை அறிவதில் நேரும் சிறு வழுவையும் இருமடங்காக்கி விடுவதால் அது சாபம். முன்னைய அறிஞர் அவ்வரத்தைப் பயன்படுத்தினர்; பின்னையோர் அச்சாபத்தை எதிர்த்துப் போராட வேண்டியவராயினர்.

பொறித்த வட்டம்

ஆடியின் கோணத்தை அறியும் வழிகளுள் மூத்தது, அளவுக்கோடுகள் பொறித்த வட்டத்தில் அதனைப் படித்தறியும் வழியாகும். 1731ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யோன் ஹட்லி, இரண்டு ஆடிகளைக் கொண்ட கோணமானியொன்றை இலண்டன் வேத்தியற் கழகத்தின் முன் விளக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் தோமஸ் கொட்பிறி என்பவரும் தாமாகவே அத்தகைய கருவியொன்றை ஆக்கியிருந்தார். நியூற்றனும் அவ்வமைப்பை முன்னரே கருதியிருந்தார் என்பது, ஹலியின் தாள்களிடையே கிடைத்த அவரது விளக்கம் 1742ஆம் ஆண்டில் வெளியானபோது புலனாயிற்று.

இக்கருவியில் ஓர் ஆடி அசையாது நிற்கும். மற்றையது ஒரு புயத்தோடு சேர்ந்து திரும்பும். அடிவானமும் விண்மீனும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றும்வரை மாலுமி புயத்தைத் திருப்புவான். ஆடி திரும்பிய கோணத்தின் இருமடங்கே விண்மீனின் ஏற்றக் கோணம் ஆதலால், வட்டத்தின் எட்டிலொரு பங்கான 45 பாகை வில்லில் 90 பாகை எனக் குறித்தனர். பின்னர் தோன்றிய செக்ஸ்டன்ட் என்னும் கருவியிலும் 60 பாகை வில் 120 பாகையாகக் குறிக்கப்பட்டது. கருவி செய்தோர் இரட்டிப்பு விதியை மறவாமல், அதனைப் பித்தளையிலேயே பொறித்துவிட்டனர் எனலாம். கப்பல் ஆடிக்கொண்டிருந்தாலும் இரு பிம்பங்களும் ஒருங்கே ஆடுவதால் அளவு கெடுவதில்லை. திருகோணமலை போன்ற இயற்கைத் துறைமுகங்களை நாடி வந்த கப்பல்களின் மாலுமிகள் இக்கருவியைக் கொண்டே தம்மிடத்தைக் கணித்தனர்.

ஆயினும் பொறித்த கோடுகள் பிசகினால் கோணமும் பிசகும். கைத்திறனை மட்டும் நம்பிக் கோடிட்ட காலத்தில், நல்ல கருவி கிடைப்பது நல்ல கம்மியன் கிடைப்பதைப் பொறுத்திருந்தது. இலண்டனில் யெசி றாம்ஸ்டன் வட்டத்தைப் பிரித்துக் கோடிடும் பொறியொன்றை அமைத்து, அதன் விளக்கத்தை 1777ஆம் ஆண்டில் வெளியிட்ட பின்னரே சிறிய, செம்மையான கோணமானிகளைப் பெருந்தொகையாக ஆக்குதல் இயல்வதாயிற்று.

பொறித்த வட்டம் எத்துணை நுண்மையானது என்பதைத் தமிழகத்து நிகழ்ச்சியொன்று காட்டும். 1802ஆம் ஆண்டில் வில்லியம் லம்ற்றன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து, இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அவரது பெருங்கோணமானியின் வட்டம் 36 அங்குல விட்டமுடையது. கருவியின் நிறை ஏறத்தாழ அரைத் தொன். 1808ஆம் ஆண்டில் அதனைத் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கயிறு கட்டி ஏற்றுகையில் கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதியது, வட்டம் நெளிந்தது. லம்ற்றன் கூடாரத்தில் தனித்திருந்து, வாரக்கணக்காக முயன்று, நெளிந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்தும் தட்டியும் பழைய வடிவுக்குக் கொணர்ந்தார். நெளிந்த வட்டத்தைக் கொண்டு அளந்திருப்பின், அவ்வழு ஒரு முக்கோணத்திலிருந்து அடுத்த முக்கோணத்துக்குத் தொடர்ந்து, நாட்டின் படத்தையே திரித்திருக்கும்.

ஈழத்தில் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஓகத்து 2ஆந் திகதி நிறுவப்பட்டது. இத்தீவின் முக்கோண அளவையும் பொறித்த வட்டங்களை நம்பியே நடைபெற்றது. பெருங்கோணமானிகளில் வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நுணுக்குக்காட்டிகளைப் பொருத்தி, இரண்டு வாசிப்புகளின் சராசரியைக் கொள்வது வழக்கமாயிற்று. வட்டத்தின் நடுவும் சுழலும் அச்சும் சிறிதே விலகியிருந்தால், ஒரு பக்கத்தில் கூடுதலாகத் தோன்றும் கோணம் எதிர்ப்பக்கத்தில் அதே அளவு குறைவாகத் தோன்றும். சராசரியில் வழு மறையும். எளிய இவ்வுத்தி, பின்வரும் பகுதியில் மீண்டும் எதிர்ப்படும்.

ஒளியே முள்ளாக

இரண்டாவது வழியில் வட்டமும் வேண்டா, கோடும் வேண்டா. ஒளியே அளவைக் காட்டும் முள்ளாகும். 1826ஆம் ஆண்டில் ஜேர்மனியரான பொகென்டோர்வ், காந்தத்தின் மீது சிறு ஆடியொன்றைப் பொருத்தி, எட்ட நின்று தொலைகாட்டி மூலம் அவ்வாடியில் தெரியும் அளவுகோலின் பிம்பத்தைப் படிக்கும் முறையை வெளியிட்டார். பெருங்கணித மேதை கவுஸ் 1830களில் கொற்றிங்கன் நகரில் புவியின் காந்தத்தை அளக்கையில் இம்முறையைக் கையாண்டு புகழ்பெறச் செய்தார்.

இம்முறையின் ஆற்றலை ஒரு கணக்கால் உணரலாம். ஆடியிலிருந்து 1 மீற்றர் தொலைவில் அளவுகோல் இருப்பதாகக் கொள்வோம். ஆடி 1 கலை, அதாவது பாகையின் அறுபதிலொரு பங்கு, திரும்பினால் கதிர் 2 கலை திரும்பும். அளவுகோலில் ஒளிப்புள்ளி ஏறத்தாழ 0.58 மில்லிமீற்றர் நகரும். கண்ணாற் காணவியலாத அசைவு கண்ணுக்குப் புலப்படும் நீளமாக மாறுகின்றது. தொலைவை ஐந்து மடங்காக்கினால் நகர்வும் ஐந்து மடங்காகும். உலோக முள்ளாயின் நீளக்கூடக் கனக்கும். ஒளியென்னும் முள்ளுக்கோ நிறையில்லை.

1858ஆம் ஆண்டில் வில்லியம் தொம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு, இத்தத்துவத்தைக் கொண்டு ஆடிக் கல்வனோமானியை ஆக்கினார். அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிற் போடப்பட்ட தந்திவடத்தின் வழியே வந்த மெலிந்த மின்னோட்டத்தை, அதிலுள்ள சிறு ஆடியின் அசைவே செய்தியாகக் காட்டியது. இங்கு ஆடியின் கோணம் தனக்காக அளக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. காந்தத்தின் திரும்பலை அல்லது மின்னோட்டத்தின் வலிமையை அறிவதே குறிக்கோள். ஆடி அவற்றின் தூதன். பின்வந்த லேசர் கருவியில் இந்நிலை தலைகீழாயிற்று. அங்கு மின்னோட்டம் ஆடியைத் திருப்புகின்றது. திரும்பிய கோணமே அறியப்பட வேண்டிய பொருளாகின்றது. அவ்வாறு மின்னால் ஊசலாடும் ஆடியைத் தாங்கும் பொறிக்கு இன்றும் கல்வனோமானியின் பெயரே வழங்குகின்றது.

காலமே கோணமாக

மூன்றாவது வழி காலத்தைக் கொண்டு கோணத்தை அறிவதாகும். ஓர் ஆடி சீரான வேகத்தோடு சுழலுமாயின், அது ஒரு குறித்த நிலையைக் கடந்த பின் எவ்வளவு நேரம் சென்றது என்பதை அறிந்தால் அதன் கோணத்தையும் அறியலாம். கடற்கரை மக்களுக்கு இக்கருத்துப் புதிதன்று. சுழலும் விளக்கையுடைய வெளிச்சவீட்டின் ஒளி இத்தனை வினாடிக்கு ஒருமுறை மின்னும் என்பதைக் கொண்டே மாலுமி அதனை இனங்காண்கின்றான். சுவீடன் நாட்டின் கால்ஸ்ரென் வெளிச்சவீட்டில் 1781ஆம் ஆண்டிலேயே மணிப்பொறியால் ஒளியைச் சுழற்றினர். திருகோணமலைத் துறைமுக வாயிலில் வட்டத்தீவிலும், கொட்டியாரக்குடாவின் மறுகரையில் மூதூர்ப் பக்கத்து முனையிலும் உள்ள வெளிச்சவீடுகள் 1863ஆம் ஆண்டில் எழுந்தவை.

ஆய்வுகூடத்தில் இவ்வழியை முதலிற் கையாண்டோருள் சாள்ஸ் வீற்ஸ்ரன் குறிப்பிடத்தக்கவர். 1834ஆம் ஆண்டில் அவர் வினாடிக்கு 800 முறை சுழலும் ஆடியில் மின்பொறிகளைப் பார்த்து, கம்பியில் மின் செல்லும் வேகத்தை அறிய முயன்றார். ஒளியின் வேகத்தையும் இவ்வாறு ஆராயலாம் என்று பிரான்சின் அறகோ 1838ஆம் ஆண்டில் கருத்துரைத்தார். அதனை நிறைவேற்றியவர் லெயோன் பூக்கோ. 1850ஆம் ஆண்டில் ஒளி நீரில் மெதுவாகச் செல்வதைக் காட்டிய அவர், 1862ஆம் ஆண்டில் அதன் வேகத்தை வினாடிக்கு 298,000 கிலோமீற்றர் எனக் கணித்தார்.

பூக்கோவின் ஆடி வினாடிக்கு 400 முறை சுழன்றது. அதிலிருந்து தெறித்த ஒளி 20 மீற்றர் சென்று, நிலையான ஆடியொன்றில் பட்டு மீண்டது. அச்சிறு நேரத்தில் சுழலாடி திரும்பிய கோணம் 0.02 பாகைக்கும் சற்றுக் குறைவு. இரட்டிப்பு விதியால் பெருகியும், மீண்ட பிம்பம் விலகியது ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றரே. விலகலை நுணுக்குக்காட்டியால் அளக்கலாம். ஆனால் ஆடியின் வேகம் உண்மையில் 400 தானா? அவர் 400 பற்களையுடைய சக்கரத்தை மணிப்பொறியால் வினாடிக்கு ஒருமுறை சுழலச் செய்து, ஆடியிலிருந்து விட்டுவிட்டு வரும் ஒளியில் அப்பற்களை நோக்கினார். பற்கள் அசையாது நிற்பனபோலத் தோன்றினால் ஆடியின் வேகமும் பற்களின் வேகமும் ஒத்துள்ளன என்பது பொருள். ஆடியைச் சுழற்றுவதிலும் அதன் வேகத்தை நம்பத்தக்கதாக அறிவதே அரிய வேலையாயிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

அமெரிக்கரான அல்பேட் மைக்கல்சன் 1879ஆம் ஆண்டில் இசைக்கவையின் அதிர்வோடு ஒப்பிட்டு ஆடியின் வேகத்தை அளந்தார். 1926ஆம் ஆண்டளவில் அவர் கலிபோர்ணியாவின் வில்சன் மலைக்கும் சான் அந்தோனியோ மலைக்கும் இடையே, ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில், எட்டு முகமுடைய ஆடியைக் கொண்டு நடத்திய ஆய்வு போற்றத்தக்கது. ஒளி சென்று மீளும் நேரத்தில் ஆடி சரியாக எட்டிலொரு சுற்று, அதாவது 45 பாகை, திரும்பும் வண்ணம் வேகத்தை வினாடிக்கு ஏறத்தாழ 528 சுற்றுகளாக அமைத்தார். ஒரு முகம் நின்ற இடத்தில் அடுத்த முகம் வந்து நிற்க, பிம்பம் விலகாது நிலைத்தது. சிறு கோணத்தை அளக்கும் தொல்லையை ஆடியின் வடிவமே நீக்கிவிட்டது. அதற்கு ஈடாக, எட்டு முகங்களும் ஒன்றுக்கொன்று சரியான கோணத்தில் கடையப்பட்டிருத்தல் வேண்டுமாயிற்று. வழு ஒழிவதில்லை, இடம் மாறுகின்றது. கருவியாளன் அதனைத் தான் காணக்கூடிய இடத்துக்குத் துரத்துகின்றான்.

லேசரும் சுழலாடியும்

1960ஆம் ஆண்டு மே மாதத்தில் தியடோர் மைமன் கலிபோர்ணியாவில் முதல் லேசர் ஒளியை உண்டாக்கினார். கூரிய கதிராகச் சென்று மிகக் குறுகிய துடிப்புகளாக வெளிப்படக்கூடிய இவ்வொளி, தொலைவை அளப்பதற்கு வாய்ப்பானது என்பது விரைவில் உணரப்பட்டது. துடிப்பொன்று சென்று மீளும் நேரத்தை ஒளியின் வேகத்தாற் பெருக்கி இரண்டால் வகுத்தால் தொலைவு கிடைக்கும். 1971ஆம் ஆண்டில் அப்பலோ 15 விண்கலம் சந்திரனைச் சுற்றிவருகையில் அதன் தரையுயரத்தை லேசரால் அளந்தது. ஆனால் அதன் கதிர் கீழ்நோக்கி ஒரே கோட்டிலேயே சென்றது. ஒரு கோடு ஊராகாது. நிலப்பரப்பை அளக்க வேண்டுமாயின் கதிர் இருபுறமும் வீசப்படல் வேண்டும். அவ்வேலையை ஆடி ஏற்றது.

ஆடியை இயக்கும் முறைகள் பல. ஊசலாடும் தட்டையான ஆடி நிலத்தில் வளைந்து வளைந்து செல்லும் கோட்டை வரையும். பல முகமுடைய சுழலாடி, மைக்கல்சனின் ஆடியைப் போன்றே, ஒரே திசையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சமாந்தரக் கோடுகளை இடும். அச்சுக்குச் சாய்வாகப் பொருத்தப்பட்ட ஆடி நீள்வட்டங்களை வரையும். சுழலும் அச்சின் வழியே வரும் கதிரை 45 பாகைச் சாய்வில் நின்று தெறிக்கும் ஆடியும் உண்டு. அவ்வமைப்பில் மட்டும் ஆடி சுழலும் கோணமும் கதிர் சுழலும் கோணமும் ஒன்றே; இரட்டிப்பு இல்லை.

ஆடியின் கோணத்தை அறிதற்கு, மேலே விரித்த மூன்று வழிகளும் இங்கு ஒன்றுகூடுகின்றன. ஆடியின் அச்சோடு சுழலும் சிறு வட்டத்தட்டில் நுண்ணிய கோடுகள் பொறிக்கப்படும். ஒளி அவற்றினூடே விட்டுவிட்டுப் பாய்ந்து ஒளியுணரியிற் படும். மின்துடிப்புகளாக அவை எண்ணப்படும். என்கோடர் என வழங்கும் இக்கருவி றாம்ஸ்டனின் பொறித்த வட்டத்தின் வழித்தோன்றல். ஊசலாடும் சிற்றாடியின் அச்சில் ஒளியும் நிழலும் கூடிக் குறைவதைக் கொண்டு கோணத்தை உணரும் அமைப்பு பொகென்டோர்வின் வழித்தோன்றல். பல முக ஆடியின் ஒவ்வொரு முகமும் ஒரு குறித்த நிலையைக் கடக்கும் கணத்தை ஒளியுணரி குறித்துக்கொள்ள, எஞ்சியதை நேரத்தாற் கணிக்கும் முறை பூக்கோவின் வழித்தோன்றல்.

பழைய நோய்களும் உடன் வந்தன. 25 மில்லிமீற்றர் ஆரையுடைய வட்டத்தட்டின் நடு, அச்சிலிருந்து மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு விலகியிருந்தால் கோணத்தில் ஏறத்தாழ 0.023 பாகை வரை வழு நேரும். அதற்குப் பழைய மருந்தே இன்றும் மருந்து: எதிரெதிரே இரண்டு உணரிகளை வைத்துச் சராசரி கொள்ளுதல். லம்ற்றன் காலத்து நுணுக்குக்காட்டிகள் செய்த பணியை இன்று ஒளியுணரிகள் செய்கின்றன.

புதிய நோய்களும் தோன்றின. ஊசலாடும் ஆடி ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்புகையில் அதன் அச்சுச் சிறிது முறுகும். கோணத்தைப் படிக்கும் தட்டு அச்சின் ஒரு முனையிலும் ஆடி மறுமுனையிலும் இருப்பின், தட்டுச் சொல்வதும் ஆடி நிற்பதும் வேறாகும். வேகமாகச் சுழலும் ஆடியிலோ காலமே பகையாகும். வினாடிக்கு 100 சுற்றுச் சுழலும் அச்சு ஒரு வினாடியில் 36,000 பாகை திரும்புகின்றது. லேசர் துடிப்புச் சென்ற கணத்துக்கும் கோணம் படிக்கப்பட்ட கணத்துக்கும் இடையே வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலும் 0.036 பாகை வழு நேரும். கோணத்தை அளப்பதும் காலத்தை அளப்பதும் இங்கு ஒரே செயலின் இரு பெயர்கள்.

வழுவின் விலை

இவ்வழுக்களைச் சிறியன என்று ஒதுக்கிவிடலாமா? தரையிலிருந்து 1,000 மீற்றர் உயரத்தில் விமானம் பறப்பதாகவும், ஊசலாடும் ஆடி கதிரை இருபுறமும் 20 பாகை வரை வீசுவதாகவும் கொள்வோம். ஒருமுறை பறக்கையில் ஏறத்தாழ 728 மீற்றர் அகலமான நிலம் அளக்கப்படும். இறக்கக்கண்டி போன்ற கரையில் 200 மீற்றர் எல்லையையும் கடந்து உள்நிலத்தையும் அடக்கவல்ல அகலம் அது. ஆடியின் கோணத்தில் 0.01 பாகை வழு என்றால், கதிரில் 0.02 பாகை வழுவாகும். அதனாற் புள்ளியின் இடம் ஏறத்தாழ 35 சதமமீற்றர் பக்கவாட்டில் பிசகும். விமானத்தின் நேர்கீழே உயரம் பெரிதும் பிசகுவதில்லை. ஓரங்களிலோ ஏறத்தாழ 13 சதமமீற்றர் பிசகும்.

பிசகும் விதமும் கவனித்தற்குரியது. ஆடியின் தொடக்க நிலையே தவறாகக் கொள்ளப்பட்டிருப்பின், சமதரையின் ஓர் ஓரம் உயர்ந்தும் மறுவோரம் தாழ்ந்தும் தோன்றும். இரண்டு ஓரங்களுக்கிடையே 26 சதமமீற்றர் பொய்யான சரிவு உண்டாகும். ஒரு சாணுக்கு மேற்பட்ட வேறுபாடு அது. கோணத்தின் அளவுகோலே தவறாயின், இரண்டு ஓரங்களும் உயர்ந்து சமதரை கிண்ணம்போல வளையும். அன்றேல் இரண்டும் தாழ்ந்து கவிழ்த்த கிண்ணமாகும். உண்மையில் தட்டையான களப்போரம், படத்தில் கடலை நோக்கிச் சரிந்த நிலமாகவோ, கடலைத் தடுக்கும் மேடாகவோ காட்சியளிக்கும். மேடென்று நம்பி வீடமைத்தவன் பள்ளத்தில் இருப்பான். பள்ளமென்று அஞ்சி எழுப்பப்பட்டவன் காரணமின்றித் தன் மண்ணை இழப்பான்.

இதனைக் கண்டறியும் முறை நேர்மையானதும் எளியதுமாகும். விமானவோடுபாதை போன்ற, உயரம் நன்கறிந்த சமதரையின் மீது எதிரெதிர்த் திசைகளில் பறத்தல் வேண்டும். தொடக்க நிலை வழுவாயின், ஒரு திசையில் இடப்பக்கம் உயர்ந்த நிலம் மறுதிசையில் அதே போல் உயராது. சரிவு புரண்டு தோன்றும். நிலம் புரளாது, ஆகவே புரண்டது கருவியின் வழு என்பது வெளிப்படும். விமானத்திற் கருவியைப் பொருத்துகையில் நேரும் சாய்வும் இவ்வாறே தோற்றமளிக்குமாதலால், இரண்டும் ஒருங்கே திருத்தப்படும். அளவுகோலின் வழுவை அறிய, ஒரு பறப்பின் ஓரமும் அடுத்த பறப்பின் நடுவும் ஒரே நிலத்தின்மீது படியுமாறு பறந்து ஒப்பிடுவர். நடு கூறுவதை ஓரம் மறுக்குமாயின் ஓரம் திருத்தப்படும். இவற்றோடு தரையில் மட்டமானி கொண்டு அளந்த சில இடங்களும் சான்றாக வேண்டும். வானிலிருந்து அளக்கும் புதுமை தரையில் அளக்கும் பழமையை ஒழிக்கவில்லை. அதனைச் சாட்சியாக அழைக்கின்றது.

வங்கக்கடலின் மறுகரையில் இம்முறை பயன்கொண்டுள்ளது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசிய சமுத்திரத் தகவற் சேவை நிலையத்தில் 2007ஆம் ஆண்டு ஒக்ரோபரில் கடற்கோள் எச்சரிக்கை நிலையம் தொடங்கிவைக்கப்பட்டது. கடல்நீர் எதுவரை உட்புகும் என்பதைக் கணிப்பதற்கு, இந்தியக் கரையோரத்தின் தேர்ந்தெடுத்த பகுதிகளின் உயரங்கள் விமான லேசர் முறையால் அளக்கப்பட்டன. அலை எழுமுன்னரே கணினியில் அது கரையேறும் எல்லையை வரைந்து பார்க்கும் முயற்சி அது. எல்லை பெரிதும் தங்கியிருப்பது நிலத்தின் உயரத்தில். உயரம் தங்கியிருப்பது, ஏனையவற்றோடு, ஆடியின் கோணத்தில்.

நிறைவு

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். ஹட்லியின் காலத்தில் ஆடியைத் திருப்பியவன் கை, கோணத்தைப் படித்தவன் கண், முடிவின் பயனை நுகர்ந்தவன் உயிர் ஆகிய மூன்றும் ஒருவனுக்கே உரியவை. தவறாகப் படித்த மாலுமியின் கப்பலே பாறையில் மோதியது. கெல்வினின் காலத்தில் ஆடியைப் பார்த்தவன் ஒருவன், செய்தியைப் பெற்றவன் வேறொருவன். லேசர் யுகத்தில் இவ்விலகல் முழுமையடைந்துள்ளது. ஆடி விமானத்தில் சுழல்கின்றது. கோணம் கணினியிற் பதிகின்றது. உயரம் தலைநகரத்து அலுவலகத்தில் படமாகின்றது. அதன் விளைவோ அவ்வாடியை ஒருபோதும் கண்டிராத கரையோரக் குடும்பத்தின் வாசலில் வந்து நிற்கின்றது. ஆகவே வழுவைக் கூறும் கடமை, கருவியைக் கையாளுவோரைச் சார்ந்ததாகின்றது. நிலத்தின் உயரம் 2.4 மீற்றர் என்று மட்டும் எழுதிய படத்திலும், அது எத்துணை கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் எழுதிய படமே மதிக்கத்தக்கது.

நாடாவால் 200 மீற்றர் அளந்த விதி கரடுமுரடானது, ஆனால் ஒளிவுமறைவற்றது. எவரும் நாடாவை நீட்டி அதனைச் சரிபார்க்கலாம். உயரத்தை அடிப்படையாகக் கொண்ட விதி அதனினும் நீதியானதாக அமையலாம். எனினும் அதனைச் சரிபார்க்கும் வழி மக்களுக்குப் புலப்படாவிடின், நீதியானதாயினும் நம்பிக்கையைப் பெறாது. ஆதலால் நுண்மையான கருவியோடு அதன் வழுவைப் பற்றிய திறந்த பேச்சும் ஊருக்குள் வருதல் வேண்டும். ஊரில் மட்டமானியால் அளந்து அடையாளமிட்ட கற்கள் சில நிலைபெறுமாயின், வானிலிருந்து பெற்ற எண்ணை ஊரவரே தரையில் ஒத்துப்பார்க்க இயலும்.

திருக்கோணமலை என்னும் பெயரிலேயே கோணம் என்னும் சொல் ஒலிக்கின்றது. பெயராராய்ச்சியாளர் அதற்கு எப்பொருள் கொள்ளினும் கொள்க. அம்மாவட்டத்தின் தாழ்ந்த கரைகளில் வாழ்வோர்க்குக் கோணம் என்பது கணித நூலில் மட்டும் உள்ளதொரு சொல்லன்று. பாகையின் நூறிலொரு பங்கு ஒரு சாணாகி, அச்சாண் ஒரு வீட்டின் இடத்தைத் தீர்மானிக்கக் கூடும். அந்நூறிலொரு பங்கைப் பொருட்படுத்திய றாம்ஸ்டனும் லம்ற்றனும் பூக்கோவும் கரையோர மக்களை எண்ணி உழைத்தவரல்லர். எனினும் நெளிந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக நிமிர்த்திய பொறுமையும், பற்சக்கரம் அசையாது நிற்கிறதா என்று மீண்டும் மீண்டும் நோக்கிய ஐயமும் இன்று இக்கரைக்கு வேண்டப்படுகின்றன.